கீழ்த்தாடை, இடப்பக்கம்

நீதிபதி அவர்களே, நான் பல் மருத்துவர்.
குற்றத்தைப் பற்றி எனக்கொன்றும் தெரியாது என்று
சொல்லிவிட்டுப் போகத்தான் வந்தேன். அது பொய்.
சுப்பீரியர் ஏரிக்கரைச் சிறையில் எல்லாருக்கும் தெரியும்:
சாகினாவில் ஒரு பெட்ரோல் பங்க், நவம்பர்,
நூற்றுப் பன்னிரண்டு டாலர்.
டேல் கைஸ்லர் கல்லாவுக்குப் பின்னால் விழுந்தார்,
எழவில்லை.
சுட்டவனுக்குப் பதினைந்து வயது நான்கு மாதம்.

ஆயுள் முழுவதும். பரோல் கிடையாது.
அவன் முதன்முதலாய் என் நாற்காலியில் ஏறியபோது
கோப்பில் அப்படித்தான் இருந்தது.
பாதம் வைக்கும் தட்டைக் கால்நுனி எட்டவில்லை.

படம் எடுத்தேன். இதோ, சான்று பதினேழு.
வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள்.
இடப்பக்கம், கீழே, இது பால்பல்.
ஆமாம், பால்பல்.
அடியிலிருந்து தள்ளிவிட வேறு பல் உருவாகாததால்
விழ மறந்து நின்றது.
அதற்கும் பின்னால், எலும்புக்குள்,
வேர் இன்னும் பிடிக்காத ஒரு சோளமணி:
அறிவுப்பல் என்கிறோமே, அது.

அவன் கேட்டது ஒன்றுதான்.
"இது வெளியே வர எவ்வளவு நாளாகும்?"
பல்லைத்தான் கேட்டான்.
வாசலில் நின்ற காவலர் சிரித்துவிட்டார்.
நானும் சிரித்தேன். அதையும் பதிவு செய்துகொள்ளுங்கள்.

மறுவருடம் பால்பல் தானாக விழுந்தது,
இரவுச் சாப்பாட்டில், காய்ந்த ரொட்டியோடு.
தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டான்.
தேவதை வந்து காசு வைப்பாள் என்றெல்லாம் இல்லை,
வேறெங்கே வைப்பது என்று தெரியவில்லை, என்றான்.
விடிகாலைச் சோதனையில் அகப்பட்டது.
"அனுமதியற்ற பொருள், எண்ணிக்கை ஒன்று."
ஏழு நாள் தொலைபேசி ரத்து.
அம்மாவின் பிறந்தநாள் அந்த ஏழுக்குள் இருந்தது.

பிறகு எல்லாருக்கும் வருவதுதான்.
சொத்தை, ஈறுவீக்கம்,
ஒரு சண்டையில் உடைந்த முன்பல்.
சண்டையை ஆரம்பித்தது அவன்தான், மறைக்க மாட்டேன்.
இருபத்து மூன்றில் அறிவுப்பல் ஈறைக் கிழித்து வந்தது,
கோணலாய், ராத்திரியெல்லாம் வலித்து.
கைஸ்லர் குடும்பத்துக்கு அவன் எழுதத் தொடங்கியதும்
அந்த வருடம்தான்,
விதிப்படி அனுப்பக்கூடாத கடிதங்கள்.
இரண்டுக்கும் நான் முடிச்சுப் போடவில்லை.
நான் பல் மருத்துவர்.

அரசு வழக்கறிஞர் கேட்கிறார்:
ஒருவன் திருந்திவிட்டதைப் பல்லை வைத்துச் சொல்லலாமா?
முடியாது, ஐயா.
இவன் இன்னும் முளைத்து முடியவில்லை என்று
அன்றைக்கு வேண்டுமானால் சொல்லியிருப்பேன்.
தீர்ப்புக்கு முன் இவனை வாயைத் திறக்கச் சொல்ல
யாருக்கும் தோன்றவில்லை.
பல்லைப் பார்க்கவும் இல்லை,
பேச விடவும் இல்லை.

*

இடைவேளையில், தண்ணீர்க் குழாயருகே,
கைஸ்லரின் மகள் ரோவீனா என்னிடம் வந்தாள்.
"அந்தப் பல் என்ன ஆச்சு?"
குப்பைக்குப் போயிருக்கும், என்றேன்.

"எனக்கு அப்போ ஒன்பது வயசு.
அந்தக் குளிர்காலத்தில் எனக்கும் ஒரு பல் விழுந்தது.
காசு வைக்க வீட்டில யாருக்கும் ஞாபகமில்லை."

காகிதக் கோப்பையைக் கசக்கினாள்,
கூடையில் போடாமல் கையிலேயே வைத்திருந்தாள்.
இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று
நான் கேட்கவில்லை. கேட்கும் உரிமை எனக்கில்லை.

உள்ளே திரும்பியபோது நீதிபதி படத்தை
ஜன்னலுக்கு நேரே பிடித்திருந்தார், தலைகீழாக.
குமாஸ்தா எழுந்துபோய்த் திருப்பிக் கொடுத்தார்.

முப்பத்தோரு வருடம் கழித்து,
மேசைக்கு அந்தப் பக்கம்,
ஆன்ட்வான் பெட்டிஸ், வயது நாற்பத்தாறு,
உதடு மூடி
அந்த இடைவெளியை நாக்கால் தடவிக்கொண்டிருந்தார்.
கன்னத்தில் அது நகர்வது தெரிந்தது.